முதலாளி வாசல் வெளிச்சம்

அரிசி ஆலை முதலாளி தாமோதரனுக்கு வாசலில் சாதாரண பல்பு போட்டால் கௌரவக் குறைச்சல். திருவிழா மைதானத்துக்குக் கட்டுகிற ஃபோகஸ் லைட் நாலை வாங்கி, தெருவைப் பார்த்து மாட்டிவிட்டார். பொழுது சாய்ந்தால் எதிரே வருகிறவன் பாடு திண்டாட்டம்தான்.

அவர் வீட்டுக்குக் குடிதண்ணீர் சுமந்த சுடலையாண்டி, ஒரு சாயங்காலம் அந்த வாசலுக்கு முன்னால் மூடாமல் கிடந்த சாக்கடையில் விழுந்து, மண்டை உடைந்து செத்துப்போனான்.

அவன் பெண்டாட்டி பேச்சி அங்கேதான் பாத்திரம் தேய்க்கிறாள். "குடிச்சிருந்தான்னு சொல்லிரு. இல்லேன்னா வேலை கிடையாது," என்று அவளைத் தனியே மிரட்டிவைத்தார் தாமோதரன்.

இருட்டும் நேரத்துக்கு இன்ஸ்பெக்டர் விசாரிக்க வந்தார்.

"பகல் மாதிரி வெளிச்சம் சார். குடிகாரன்தான் விழுவான். இவளையே கேளுங்க," என்றார் தாமோதரன்.

பேச்சி அழவில்லை. "சொல்லுதேன் சார். மொதலாளி குடிக்காத மனுசர். தெளிஞ்ச ஆளு எப்படி நேரா வருவாகன்னு அவுகளே ஒருக்க நடந்து காட்டட்டும். அப்பத்தான் நீங்க நம்புவீக."

இதென்ன பிரமாதம் என்று தாமோதரன் தெருமுனைக்குப் போய், வீட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தார். பாதியிலேயே கை தானாக நெற்றிக்கு ஏறியது. இன்னும் கொஞ்சம் வந்தவர் நின்றுவிட்டார்.

"கையை எதுக்குய்யா தூக்குதீக?" என்றாள் பேச்சி.

"கண்ணு கூசுதுல்லா!"

"அவுக ரெண்டு கையிலயும் உங்க வீட்டுக் குடம் இருந்துச்சுய்யா."

இன்ஸ்பெக்டர் லைட்டை அணைக்கச் சொன்னார். தெருவிளக்கின் மங்கிய வெளிச்சத்தில் அப்போதுதான் சாக்கடை தெரிந்தது, தாமோதரனின் செருப்புக்கு ஒரு சாண் முன்னால்.