இடப்பக்க மூக்குத்தி

கேட்டு முடித்ததும் ஒரு பெயர் சொல்லியாக வேண்டிய கதை இது. ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம்; "எல்லாரும்தான்" என்று நழுவுவது செல்லாது. நடுவில் ஒரு மூக்குத்தி வரும், அதன்மேல் ஒரு கண் இருக்கட்டும்.

தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றில் சினிமாப் பாடம் படித்த செண்பகவல்லி, பதினோரு நிமிடத்தில் ஒரு குறும்படம் எடுத்தாள். வாடகை அறையில் தனியாக இருக்கிறாள் குமுதா. வைத்த சாமான் வைத்த இடத்தில் இருப்பதில்லை. இன்னொருத்தி கூட இருக்கிறாள் என்ற பயம் அவளை அரிக்கிறது. கடைசியில் பார்த்தால், மாற்றி வைத்தவள் அவளேதான், வைத்ததை மறந்துவிடுகிறாள். பார்ப்பவர் மனத்தைப் பிசைய வேண்டிய படம் இந்த முடிவில் சப்பென்று போயிற்று. அது செண்பகவல்லிக்கே தெரியும், வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை.

குமுதாவாக நடித்தவள் வகுப்புத் தோழி ஜெனோவா. மூக்குக் குத்தாதவள், படத்துக்காக வலப்பக்கம் ஓர் ஒட்டு மூக்குத்தி வைத்துக்கொண்டாள். போஸ்டரும் டீசரும் காயல்பட்டினத்து முகைதீன் பொறுப்பு.

அவர்கள் கல்லூரியிலேயே நடந்த குறும்பட விழாவுக்குத்தான் இத்தனை பாடும். முதலில் போஸ்டரைக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்ததை மாற்ற முடியாது. எட்டு நாள் கழித்துப் படம். படமும் விளம்பரமும் பொருந்தி வந்தால் ஒரு கேடயம் உண்டு. "இரண்டையும் ஒன்று சேர்த்தவர்" என்று இயக்குநர் எழுதித் தரும் ஒருவருக்கே அது. கூடவே சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஆறு மாதப் பயிற்சி. முகைதீனுக்கு அந்தப் பயிற்சிதான் உயிர். கிடைக்காவிட்டால், படிப்பு முடிந்த மறுநாளே வாப்பாவின் ஜவுளிக்கடையில் உட்கார வேண்டியதுதான்.

குமுதாவின் முகம், பின்னால் சுவரில் தினசரி காலண்டர். இதுதான் போஸ்டர். வலப்பக்கம் தலைப்புக்கு இடம் போதவில்லை என்று முகைதீன் படத்தை இடம்வலமாகத் திருப்பினான். காலண்டரில் இருந்த 27 திரும்பிக்கொண்டது. அரைநாள் உட்கார்ந்து அந்த எண்ணை மறுபடி நேராக்கினான். செய்கிற வேலையில் அத்தனை அக்கறை. போஸ்டரைக் கொடுத்துவிட்டு, கல்லூரிச் சுவரெல்லாம் ஒட்டினார்கள்.

ஒன்று கேன்டீனிலும் ஏறியது. படப்பிடிப்பு நடந்த நாளெல்லாம் டீ கொண்டுபோய்க் கொடுத்த பேச்சித்தாய், ஆற்றிய டீயோடு போஸ்டர் முன்னால் நின்றுவிட்டாள்.

"ஏ பிள்ளைகளா, ஜெனோவாவுக்குக் கூடப் பொறந்தவ இருக்காளா?"

"அவதான்க்கா அது" என்றாள் செண்பகவல்லி.

"யாருகிட்ட கத விடுதிய? அவ வலது மூக்குல போட்டிருந்தா. இவளுக்கு எடது பக்கமில்லா கெடக்கு."

முகைதீனின் முகம் வெளிறியது. எண்ணைத் தேடித் திருத்திய கண் மூக்கைப் பார்க்கவில்லை. மூக்குத்தி எந்தப் பக்கம் என்று கவனிக்கிற ஆண்பிள்ளை இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

"தப்பு என்னோடதுதான். போட்டியில இருந்து விலகிருவோம்" என்றான். அப்போதுதான் வந்து சேர்ந்த ஜெனோவா போஸ்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள்.

"காலண்டர் நேரா இருக்கு, மூக்குத்தி மட்டும் மாறியிருக்கு" என்றாள் மெல்ல. "கண்ணாடின்னா எண்ணும் திரும்பியிருக்கணுமே. அப்போ இது கண்ணாடியில தெரியுத குமுதா இல்லட்டி. கண்ணாடிக்குள்ள இருந்தவ வெளிய வந்துட்டா."

செண்பகவல்லிக்கு மயிர்க்கூச்செறிந்தது. தேடித் தவித்த முடிவு, கேன்டீனில் கிடைத்துவிட்டது.

அன்றிலிருந்து ஜெனோவா இடது கைக்காரியாக மாறினாள். யாரும் கேட்கவில்லை, தானாகத்தான். கதவைத் திறப்பது, தலை வாருவது, எழுதுவது எல்லாம் இடது கை. வீட்டில் இடது கையால் சோறு பிசைந்து அம்மாவிடம் திட்டும் வாங்கினாள். ஏழாம் நாள் கடைசிக் காட்சியை மறுபடி எடுத்தார்கள். இடப்பக்க மூக்குத்தியோடு ஒருத்தி, இடது கையால் தலை வாருகிறாள். எதிரே கண்ணாடியில் பழைய குமுதா, வலது கையில் சீப்போடு, வெளியே வர வழியில்லாமல் பார்க்கிறாள். தந்திரம் எதுவும் தேவைப்படவில்லை, கண்ணாடியே பார்த்துக்கொண்டது.

படம் முடிந்தபோது அரங்கில் இருமல் சத்தம்கூட இல்லை. கேடயம் இவர்களுக்கே என்று அறிவித்த நடுவர், "காலண்டரை நேராக விட்டு மூக்குத்தியை மட்டும் மாற்றிய போஸ்டரின் நுட்பம்" என்று வாய்நிறையப் புகழ்ந்தார். பெயர் எழுதும் படிவம் செண்பகவல்லி கைக்கு வந்தது.

"முகைதீன் பேர எழுது. நடுவரே அவனத்தான சொல்லுதாரு" என்றாள் ஜெனோவா.

முகைதீன் தலையசைத்து மறுத்தான். "காலண்டர் நான் தெரிஞ்சு செஞ்சது. மூக்குத்தி தெரியாம நடந்தது. அக்கா சொல்லலன்னா இன்னைக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. அக்கா பேர வேணா எழுது" என்றான். கண் மட்டும் படிவத்தைவிட்டு நகரவில்லை.

படம் பார்க்க வந்திருந்த பேச்சித்தாய் சிரித்தாள். "எனக்கெதுக்கு கேடயம்? டீ ஆத்தவா?"

தவறிச் செய்தவன் ஒருவன். அதைக் கண்டுபிடித்தவள் ஒருத்தி. அதிலிருந்து கதை கண்டவள் இன்னொருத்தி. சொல்லுங்கள், செண்பகவல்லி யார் பெயரை எழுதுவது நியாயம்?

விடை: ஜெனோவாவின் பெயரை. முகைதீனின் உழைப்பும் தவறும் ஒரே போஸ்டரில் இருந்தன, ஆனால் இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாது. பேச்சித்தாயின் கண் கூர்மை. அது மூக்குத்தியைக் கண்டது, காலண்டரைக் காணவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்து, போஸ்டரையும் படத்தையும் ஒன்றாக்கியவள் ஜெனோவா. படிவம் கேட்டதும் சேர்த்தவரைத்தான். செண்பகவல்லி அதையே எழுதினாள், முகைதீன் முகத்தைப் பார்க்காமல். எழுதிய பிறகும் அவளுக்கு மனசு ஆறவில்லை. ஆனால் மேடையேறிய ஜெனோவா, கேடயத்தை வாங்கத் தன்னையறியாமல் இடது கையை நீட்டினாள். அரங்கம் முணுமுணுத்தது, அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு கையை மாற்றினாள். அது மரியாதைக் குறைவு இல்லை, ஏழு நாள் உழைப்பு என்று அந்தக் கூட்டத்தில் புரிந்தவர்கள் சிலர்தான். அதில் முதல் ஆளாக எழுந்து கைதட்டியவன் முகைதீன்.