செருப்பு மணக்கும் மது

தேன்கரை நாட்டை ஆண்ட கோதண்டபூபதி நல்ல ராஜாதான். வீண் சண்டைக்குப் போக மாட்டார், வரியைக் கூட்ட மாட்டார், தூங்கும்போது எழுப்பினால்கூடக் கோபப்பட மாட்டார். அவரைக் கெடுத்தது ஒரு மூக்கு. அதுவும் அவருடைய மூக்கு இல்லை. சுகந்தநாதர் என்பவருடையது.

சுகந்தநாதர் கொஞ்ச காலம் யவனக் கப்பல்களில் சுற்றிவிட்டு வந்தவர். அரண்மனைக்கு வரும் யவன மதுவை முதலில் அவர்தான் சோதிப்பார். கிண்ணத்தைச் சுழற்றுவார். மூக்கை உள்ளே விடுவார். கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்:

"பழைய தோல் செருப்பு... மழையில் நனைந்த கருங்கல்... அடுப்புக் கரி... அடடா, கடைசியில் லேசாக ஒரு குதிரை."

ராஜா சொக்கிப்போனார். அதுவரை அவருக்குத் தெரிந்ததெல்லாம் இனிப்பு, புளிப்பு, தலைவலி மூன்றும்தான். ராஜா சொக்கினால் சபை சும்மா இருக்குமா? சேனாதிபதி ரசத்தை மோந்து பார்த்து, தோற்றோடும் படையின் புழுதி தெரிகிறது என்றார். மந்திரி தயிர்சாதத்தில் ஒருவிதத் தயக்கத்தைக் கண்டுபிடித்தார். சமையற்காரர் ஒரு மாதம் லீவு கேட்டார்.

ஒருநாள் ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தது.

"நம் நாட்டிலும் திராட்சை விளைகிறதாமே? அதில் செய்யும் மதுவை நான் வாயில் வைத்ததே இல்லை. கொண்டு வரச் சொல்லுங்கள்."

மூன்று ஊர்களிலிருந்து ஜாடிகள் வந்தன. வெள்ளாற்றங்கரைப் பச்சைத் திராட்சை. ஓணான்மேட்டில் விளையும் 'தோல்தடியன்'. கரடிப்பாறை மலையிலிருந்து, வண்டு அளவுக்கே காய்க்கும் 'கருவண்டு'. பக்கத்து ஊர்க்காரர்களுக்கே இந்தப் பெயர்கள் தெரியாது. சுகந்தநாதர் ஒவ்வொன்றாக மோந்தார். ஒவ்வொன்றுக்கும் முகத்தைச் சுளித்தார்.

"அரசே, சொல்லவே நா கூசுகிறது. மூன்றிலும் வெறும் திராட்சை வாசனை."

"வேறொன்றும் இல்லையா? ஒரு குதிரைக்குட்டிகூடவா?"

"ஒன்றுமில்லை அரசே. இந்தக் கொடிகளையெல்லாம் வெட்டிவிடுங்கள். நானே யவனக் கொடி தருவித்துத் தருகிறேன்."

அந்த வியாபாரத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. ராஜா வெட்கத்தோடு உத்தரவு போட்டார்.

சேதி கேட்டுக் கரடிப்பாறையிலிருந்து சடைச்சி என்கிற பெண் ஓடிவந்தாள். கடைத்தெருவில் அங்காடி அதிகாரி மருதக்கூத்தனைப் பிடித்துக்கொண்டாள். ராஜாவிடம் பயமில்லாமல் பேசுகிற ஒரே ஆள் அவர்தான்.

"அந்தப் பாறையில கருவண்டத் தவிர வேற எதுவும் வேர் பிடிக்காது சாமி. கொடிய வெட்டிட்டா ஊரே பட்டினிதான். நீங்கதான் ராசாகிட்ட எடுத்துச் சொல்லணும்."

மருதக்கூத்தன் யோசித்தார். மனு கொடுத்தால் ராஜா அதை மோந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார்.

"நீ ஊருக்குப் போம்மா. அரிவாளை யாரும் எடுக்க வேண்டாம்," என்றார்.

மறுநாள் அவர் யவன ஜாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு சபைக்கு வந்தார்.

"அரசே, கலப்படம் பிடித்திருக்கிறேன்."

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். தேன்கரையில் கலப்படத்துக்கு அவருடைய தாத்தா காலத்துச் சட்டம் ஒன்று இருந்தது. அரிசியில் கல் கலந்தவன் அந்தக் கல்லைத் தின்ன வேண்டும். சரக்கு நல்லதென்று சொன்னவனும் கூடவே உட்கார்ந்து தின்ன வேண்டும்.

"எதில் எதைக் கலந்தார்கள்?"

"யவன மதுவில் அரசே. பழைய செருப்பு, ஈரக் கருங்கல், அடுப்புக் கரி. போதாதென்று ஒரு குதிரை வேறு."

"சாட்சி?"

"நம் சுகந்தநாதர்தான். அத்தனையையும் மூக்காலேயே பிடித்துவிட்டார். மெச்ச வேண்டிய திறமை. ஆனால் விற்றவன் கப்பலேறிப் போய்விட்டான். நல்ல சரக்கு என்று சொன்னவர் இங்கேதான் இருக்கிறார்."

சபை நடுவே வாழையிலை விரித்தார்கள். வாயிற்காவலனின் செருப்பு ஒன்று வந்தது. பக்கத்தில் கருங்கல்லை வைத்து, அதன்மேல் தண்ணீர் தெளித்தார்கள். ஓரத்தில் கரி வைத்தார்கள்.

"குதிரை வாசலில் நிற்கிறது," என்றார் மருதக்கூத்தன். "முழுக் குதிரை வேண்டாம். லேசாக என்றுதானே சொன்னார், வால் போதும்."

சுகந்தநாதருக்கு வியர்த்தது. "அரசே, அது... அது ஒரு ரசனை. பேச்சுக்குச் சொல்வது."

சட்டம் என்று வந்துவிட்டால் கோதண்டபூபதி கறார். "அதெல்லாம் வேண்டாம். செருப்பு இருக்கிறதா, இல்லையா?"

சுகந்தநாதர் இலையைப் பார்த்தார். காவலன் அந்தச் செருப்பைப் பல வருஷம் உழைத்துத் தேய்த்திருந்தான்.

"இல்லை அரசே."

"கருங்கல்?"

"இல்லை."

"குதிரை?"

வாசலில் குதிரை கனைத்தது.

"இல்லவே இல்லை அரசே."

"அப்படியானால் அந்த ஜாடியில் என்னதான் இருக்கிறது?"

"திராட்சை அரசே. என் பிள்ளைகள் மேல் சத்தியம், வெறும் திராட்சை."

மருதக்கூத்தன் கைகட்டி நின்றார். "அந்தக் குற்றத்துக்குத்தானே அரசே, நம் கொடிகளை வெட்டச் சொன்னீர்கள்?"

ராஜா சிம்மாசனமே ஆடும்படி சிரித்தார். சிரித்து முடித்து உத்தரவைக் கிழித்துப் போட்டார். இனி அரண்மனை விருந்துகளில் கரடிப்பாறை மதுதான் என்றார். மருதக்கூத்தனுக்குத் தன் கழுத்து மாலையைக் கழற்றிப் போட்டார். சுகந்தநாதரை மாட்டுத் தொழுவத்துக்கு மாற்றினார். அங்கே மூக்குக்கு நிறைய வேலை இருந்தது.

அதே சந்தோஷத்தில் ஒரு கிண்ணம் கருவண்டு மதுவை ஊற்றச் சொல்லிக் குடித்தார். கண்கள் தானாக மூடின.

"ஆகா... ஆகா... இதில் லேசாக, எங்கேயோ தூரத்தில், ஒரு யானை..."

"யாரப்பா அங்கே," என்றார் மருதக்கூத்தன், "ராஜாவுக்கு ஓர் இலை போடுங்கள்."

"திராட்சை," என்றார் ராஜா அவசரமாக. "திராட்சை வாசனைதான் ஐயா வருகிறது."