அஞ்சாப்புலி பேர் வச்ச வண்டு

மூளை பங்கு போட்ட அன்னிக்கு எங்க முந்திரிக் கம்பெனி ஆளுங்க மொத்தமா லீவு. லீவை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கிட்டு ஊர்லயே தங்கினவரு அஞ்சாப்புலி.

அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. பண்ருட்டி வட்டாரத்துல அவரு பேரு எழுதின சாமான் ஒண்ணுகூட கிடையாது. அவரு மச்சான் தாண்டவராயனுக்கோ கோயில்ல ஒரு டியூப் லைட் இருக்கு. வெளிச்சம் வெளிய வராத அளவுக்கு அதுல அவன் பேரு இருக்கு.

"உங்க பேரு எதுல மாமா இருக்கு?" சரியா சோத்துல கை வைக்கிறப்பதான் கேப்பான்.

இந்த நேரத்துலதான் ஆப்பிரிக்காவுல இருந்து வந்த முந்திரி மூட்டையில ஒரு வண்டு வந்துச்சு. கட்டைவிரல் தண்டி, கன்னங்கரேல்னு, முதுகுல ரெண்டு மஞ்சப் பொட்டு. முதலாளி போட்டோ எடுத்து, பூச்சி ஆராய்ச்சி பண்ற ரெஜினா மேடத்துக்கு அனுப்பினாரு.

"தரை வண்டு மாதிரி இருக்குங்க," மேடம் போன்ல சொன்னாங்க. "கையால தொடாதீங்க, ஆசிட் பீச்சும். எந்த வகைன்னு நாளைக்கு வந்து பாக்கறேன். புது வகையா இருந்தா கண்டுபிடிச்சவர் பேரையே வைக்கலாம்."

"நாந்தான் கண்டுபிடிச்சேன் மேடம்!" அஞ்சாப்புலி கத்தினாரு. பொய் இல்ல. அது ஏறினது அவரு லுங்கியிலதான்.

கையாலதானே தொடக்கூடாது? குனிஞ்சு மூக்கால தள்ளி டப்பாவுல ஏத்தினாரு. பீச்சுச்சு. மூக்கு தக்காளி ஆச்சு.

"வகை பாக்க மேடம் எதுக்கு? நாம தினம் பாக்கறதுதானே," அப்படின்னாரு கோதண்டம். பருப்புத் தரம் பிரிக்கிற மேஜைக்கு அவருதான் மேஸ்திரி. முழுசு, பாதி, குருணை, கருகல், எதுவும் அவரு கண்ணுக்குத் தப்பாது. வண்டைச் சல்லடையில போட்டு ஆட்டினாரு. கீழ விழல.

"முழுசு."

"கருப்பா இருக்கேண்ணே, கருகல் இல்லியா?" பின்னாடி ஒருத்தன் கேட்டான்.

"தோலை உரிச்சாதான் தெரியும்."

"உரிச்சா பாதி ஆயிடும்ணே!" அஞ்சாப்புலி அலறினாரு. "எம் பேரு முழுசுலதான் இருக்கணும்!"

நியாயம்தானேன்னு விட்டுட்டாங்க.

அடுத்தது பேரு வைக்கிறது. மூட்டைக்கு அடையாளம் போடற வெள்ளைப் பெயிண்ட்ல தொடப்பக்குச்சியை முக்கி, வண்டு முதுகுல எழுதினாரு. 'அஞ்சா'ன்னதும் முதுகு தீந்துபோச்சு.

"சின்னதா எழுதியிருக்கலாம்ல?"

"மச்சான் தூரத்துல இருந்து படிக்க வேணாமா?"

கோதண்டம் தாடையைச் சொறிஞ்சாரு. "இன்னொரு வண்டு புடி. அதுல 'புலி'ன்னு எழுதிப் பக்கத்துல நிறுத்து."

கொல்லையில ஒரு சாணி வண்டு ஆப்புட்டுச்சு. எழுதி, ரெண்டையும் ஒரே டப்பாவுல வரிசையா விட்டாங்க.

"இடம் மாறாதீங்கடா, 'புலியஞ்சா' ஆயிடும்," வண்டுங்ககிட்ட அஞ்சாப்புலி கெஞ்சிட்டுதான் வீட்டுக்குப் போனாரு.

மறுநாள் மேடம் வந்தாங்க. மச்சானும் இஸ்திரி போட்ட சட்டையில வந்து நின்னான். டப்பாவைத் திறந்தா ஒரே ஒரு வண்டு. 'அஞ்சா' வயிறு முட்ட உக்காந்திருக்கு. 'புலி'யோட ரெண்டு கால்தான் மிச்சம்.

"ஐயோ, தரை வண்டு மத்த பூச்சியத் தின்னுமே! சேத்தா வச்சீங்க?" மேடம் தலையில கை வச்சாங்க. "இது தெரிஞ்ச வகைதாங்க. எப்பவோ பேரு வச்சாச்சு."

"அது ஆப்பிரிக்காவுல கூப்பிடற பேரு மேடம். இங்க வேற," கோதண்டம் விளக்கினாரு.

மச்சான் எட்டிப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சான். "மாமாவுக்குப் பேருகூட பாதிதானா!"

அஞ்சாப்புலி வீங்கின மூக்கை டப்பாவுக்குள்ள விட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. திடீர்னு மூஞ்சி மலந்துச்சு.

"எவன்டா பாதின்னது? 'அஞ்சா' வெளியில இருக்கு. 'புலி' உள்ள இருக்கு!"

கோதண்டம் டப்பாவைக் காதுல வச்சு ஆட்டிப் பாத்தாரு. "முழுசு," தீர்ப்பு சொல்லிட்டாரு.

மச்சான் சிரிப்பு நின்னுச்சு. வெளியயும் பேரு, உள்ளயும் பேரா! அவன் லைட்டுல வெளியில மட்டும்தானே இருக்கு?

சாயங்காலம் கோயிலுக்குப் போனவங்க பாத்தாங்க. தாண்டவராயன் பெயிண்டும் குச்சியுமா ஏணி உச்சியில நின்னு, டியூப் லைட்டுக்கு வாய் எந்தப் பக்கம் இருக்குன்னு தடவிக்கிட்டிருந்தான்.