கண்ணை மூடிக் கேட்ட மைனா

மஞ்சமூக்கி என்ற மைனாவுக்குத் தூது போவதுதான் வேலை. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்துவிடும். கூலி இரண்டு ஆலம்பழம்.

அதற்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது சேதி சொல்ல வாயெடுத்தால் போதும், உடனே கண்ணை இறுக மூடிக்கொள்ளும்.

"கண்ணைத் திறந்தா கவனம் சிதறும். எனக்கு வார்த்தை போதும், மத்ததெல்லாம் எதுக்கு?" என்று கேட்கும். காதில் விழுந்ததும் விர்ரென்று கிளம்பிவிடும். கல்யாணச் சேதியையும் சாவுச் சேதியையும் ஒரே குரலில்தான் சொல்லும். அதில் அதற்கு அப்படி ஒரு பெருமை!

அந்தக் கோடையில் பாறைக்குன்றின் சுனை வற்றிப்போனது. அங்கே குடியிருந்த முள்ளம்பன்றி சிலுப்பிக்கு மூன்று குட்டிகள். மூன்றும் தாகத்தில் துவண்டு கிடந்தன. கீழே ஆற்று மடுவில் தண்ணீர் இருந்தது. ஆனால் அது நீர்நாய் வழுக்கனின் இடம். கூப்பிடாமல் அடுத்தவர் துறையில் கால் வைப்பது அந்தக் காட்டில் வழக்கமில்லை.

"பிள்ளைகளோட வரலாமான்னு தம்பிகிட்ட கேட்டுட்டு வா!" என்று சிலுப்பி மைனாவை அனுப்பியது. "வெள்ளம் வந்தப்போ அவன் குட்டிங்க என் வளையிலதான் இருந்துச்சு. மாட்டேன்னா சொல்லப்போறான்?"

மைனா பறந்து போய், மடுவின் மேல் சாய்ந்திருந்த கிளையில் உட்கார்ந்தது. கேட்க வேண்டியதைக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து எதிர்க்கரையில் ஒரு முதலை ஏறியது. நேற்றுவரை அங்கே இல்லாத முதலை! வழுக்கன் அதைக் கண்டு கரைக்குத் தாவி ஏறியது.

"வர வேண்டாம்! அக்காவை இந்தப் பக்கமே வர வேண்டாம்னு சொல்லு! பிள்ளைங்க நிழல்கூட இங்க விழக்கூடாது!" என்று அலறியது.

முதலையைக் காட்டிவிட்டுத் திரும்பினால் மைனாவைக் காணோம்.

குன்றின் மேல் மைனா அதே சொற்களை நிதானமாக ஒப்பித்தது. சிலுப்பியின் முட்கள் அத்தனையும் சிலிர்த்து நின்றன. கண்ணில் நீர் முட்டியது.

"அப்படியா சொன்னான்? நல்லா இருக்கட்டும்! ரொம்ப சந்தோஷம்னு போய்ச் சொல்லு!"

மைனாவின் கண்தான் மூடியிருந்ததே! அந்தக் கண்ணீரை அது எங்கே பார்த்தது? "நல்லா இருக்கட்டும். ரொம்ப சந்தோஷம்" என்று பாடம் செய்துகொண்டு கிளம்பிவிட்டது.

சிலுப்பி குட்டிகளை எழுப்பியது. பொட்டலைத் தாண்டினால் வேறொரு ஓடை உண்டு. வழியெல்லாம் வேட்டைநாய்கள். ஆனாலும் வேறு வழி இல்லை.

மடுவில் வழுக்கன் சும்மா இருக்கவில்லை. முதலையால் ஏற முடியாத பெரிய பாறைக்குப் பின்னால், மணலில் ஊற்று தோண்டிக்கொண்டிருந்தது. மைனா கொண்டுவந்த பதிலைக் கேட்டதும் ஒரு குட்டிக்கரணம் போட்டது.

"அக்கா புரிஞ்சுக்கிட்டாங்க! ஊற்றுல தண்ணி வந்தாச்சு. பாறைக்குப் பின்னால வரச் சொல்லு!"

மைனா மடுவின் மேல் சாய்ந்த அதே கிளையில் உட்கார்ந்து, வழக்கம்போல் கண்ணை மூடியது. கீழே தண்ணீர் சலசலத்தது.

"போ! இங்க நிக்காதே! போய்த் தொலை!" என்று வழுக்கன் கத்தியது.

கூலிக்கு வந்த இடத்தில் இப்படி ஒரு பேச்சா! மைனாவுக்குச் சுருக்கென்றது. கோபத்தில் முதல்முறையாகச் சேதியின் நடுவிலேயே கண்ணைத் திறந்தது. ஐயோ! அகலத் திறந்த வாய் ஒன்று கிளைக்கு எம்பிக்கொண்டிருந்தது! மைனா ஒரே தாவாகத் தாவியது. வால் இறகுகள் அத்தனையும் முதலையின் வாயில் போயின.

பாறை உச்சியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியது. 'திட்டின மாதிரி இருந்துச்சு. என் உயிரைக் காப்பாத்தத்தான் சொல்லியிருக்கான்! அப்படின்னா, காலையில சொன்னது?'

கீழே ஊற்றையும் வழுக்கனின் தேய்ந்த நகங்களையும் பார்த்ததும் அதற்கு எல்லாம் விளங்கிவிட்டது. அடித்துப் பிடித்துப் பறந்தது. சிலுப்பி பொட்டலின் விளிம்பில் முதல் அடி எடுத்து வைத்திருந்தது.

"நில்லுக்கா, நில்லு! உன்னை விரட்டலை! மடுவுல முதலை! உனக்காக அவன் ஊற்று தோண்டியிருக்கான். நகமெல்லாம் தேஞ்சு போச்சு, என் கண்ணால பார்த்தேன்!"

"உன் கண்ணாலயா?" என்று சிலுப்பி வியந்தது. மொட்டை வாலைப் பார்த்த பிறகு நம்பியது.

பாறைக்குப் பின்னால் மூன்று குட்டிகளும் முகத்தை ஊற்றுக்குள் விட்டு எடுக்கவே இல்லை.

"தம்பி, சந்தோஷம்னு நான் சொன்னது கோபத்துல," என்று சிலுப்பி தலையைக் குனிந்தது.

"அதைக் கேட்டுத்தானா நான் குட்டிக்கரணம் போட்டேன்!" என்றது வழுக்கன். இரண்டும் வயிறு வலிக்கச் சிரித்தன.

அதன்பின் மைனா சேதி சொல்லும் அழகே தனி. யார், எங்கே நின்று, எந்த முகத்தோடு சொன்னார் என்று நடித்தே காட்டும். சுருக்கமாகச் சொல்லு என்று யாராவது அவசரப்படுத்தினால் திரும்பி நின்று மொட்டை வாலைக் காட்டும்!

சொன்ன சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளாதே. சொன்னவர் எந்த நிலையில், எதைப் பார்த்து, யாருக்காகச் சொன்னார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் பொருள் உனக்குக் கிடைக்கும்.