காத்தாயியின் ஈரச் சிறகு

அந்தக் காலத்தில் பறவைக்கும் ஆமைக்கும் பேச்சு இருந்தது. பேச்சு இருந்ததால் கூட்டம் இருந்தது, கூட்டம் இருந்ததால் தலைவர் இருந்தார், தலைவர் இருந்ததால் என்னென்ன நடக்குமோ அத்தனையும் நடந்தது.

ஒரு சின்னக் குளம். ஊர்ப் பொதுக் குளம் இல்லை, ஆறு குடும்பத்துக்கு மட்டும் சொந்தமான குளம். கொக்கு, நாரை, நாமக்கோழி, மீன்கொத்தி, ஆமை, நீர்க்காகம். குடும்பத்துக்கு ஒரு பங்கு. வெளியாள் கரையில் கால் வைத்தாலே ஆறு குடும்பமும் சேர்ந்து கூச்சல் போட்டு விரட்டிவிடும். ஒரு தடவை வழி தப்பி வந்த வாத்து ஒன்று ஒரு வாய் தண்ணீர் கேட்டது. "இங்க உனக்குப் பங்கு இருக்கா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவ்வளவு கறார்.

சொந்தக் குளம் என்றால் சும்மா உட்கார்ந்து தின்ன முடியாது, வேலை பார்க்க வேண்டும். கரை சரிந்தால் ஆமை மண் தள்ளி அணைக்கும். கோரை மண்டினால் நாமக்கோழி பிடுங்கும். வெளியாள் வருகிறானா என்று மீன்கொத்தியும் நாரையும் பார்த்துக்கொள்ளும். தலைவர் கொக்கு, பெயர் நெட்டையப்பன், கரையோரம் நின்று மேற்பார்வை பார்ப்பார். மேற்பார்வைதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமான வேலை என்று அவரே அடிக்கடி சொல்லுவார்.

ஆனால் உண்மையில் கஷ்டமான வேலை மடு வேலைதான். குளத்து நடுவில் ஆழமாக ஒரு பள்ளம், அதற்குத்தான் மடு என்று பெயர். பங்குனியில் தண்ணீர் வற்ற ஆரம்பித்ததும் குளத்து மீனெல்லாம் மடுவுக்குள் வந்து ஒடுங்கும். அவைதான் தாய்மீன். கோடை முழுக்க அவற்றை உயிரோடு காப்பாற்றிவிட்டால் ஐப்பசி மழையில் சினை விட்டுக் குஞ்சு பொரித்து, தை பிறக்கும்போது குளம் நிறைய மீன் துள்ளும். காப்பாற்றாவிட்டால் குளம் நிறைய வெறும் தண்ணீர். அதனால் பங்குனி முதல் தேதி மடுவுக்குக் காப்பு. மழை வரும் வரைக்கும் ஒருத்தரும் அங்கே வாய் வைக்கக் கூடாது. நத்தையோ வெட்டுக்கிளியோ, கிடைத்ததைத் தின்று நாளை ஓட்ட வேண்டும்.

மடுவுக்கு அடியில் இலையும் பாசியும் விழுந்து அழுகும். அதை எடுக்காவிட்டால் தண்ணீர் கெட்டு மீன் செத்துவிடும். அவ்வளவு ஆழத்துக்கு மூச்சடக்கிப் போகக்கூடியவள் ஒருத்திதான், நீர்க்காகம் காத்தாயி. விடிந்ததும் முங்குவாள், அழுகலைக் கவ்வி எடுத்துக் கரையில் போடுவாள், மறுபடி முங்குவாள். அப்போதெல்லாம் நீர்க்காகத்தின் சிறகில் மற்றவர்களுக்கு இருப்பது போலவே எண்ணெய்ப் பசை உண்டு. வெளியே வந்து ஓர் உதறு உதறினால் போதும், சிறகு காய்ந்துவிடும். உடனே பறந்து தூரத்து ஆற்றுக்குப் போய், தனக்கும் கூட்டில் இருக்கும் இரண்டு குஞ்சுகளுக்கும் மீன் பிடித்து வருவாள். அவள் வாய்க்கு மீனைத் தவிர வேறு எதுவும் இறங்காது.

வருகிற தையில் அந்தக் குஞ்சுகளையும் பங்காளிகளாகச் சேர்த்துக்கொள்வதாகக் கூட்டத்தில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். காத்தாயியின் மனசு முழுக்க அதுதான். அவள் அப்பன் இந்தக் குளத்துக்கு வருமுன் ஊர் ஊராக விரட்டு வாங்கியவன். தன் பிள்ளைகளை ஒரு பயலும் விரட்டக் கூடாது, அவர்கள் முங்குகிற தண்ணீர் அவர்களுடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

அந்த வருஷம் கோடை வறுத்து எடுத்தது. சித்திரையிலேயே நத்தை தீர்ந்துபோனது, வெட்டுக்கிளி கண்ணில் படவில்லை. ஒரு நாள் காலை மடு வேலை முடித்து வந்த காத்தாயி நேராகத் தன் சிநேகிதி நாமக்கோழி சீதேவியிடம் போனாள்.

"சீதேவி, மடுவுல மீன் குறையுதுடி. பெரிய விரால் ரெண்டு இருந்துச்சே, ரெண்டையும் காணோம். சினைக் கெண்டையும் பாதிதான் இருக்கு."

சீதேவி கோரைக்குள் விட்ட தலையை வெளியே எடுக்கவில்லை. "சேத்துக்குள்ள பொதைஞ்சு கெடக்கும். பார்த்தும் பாக்காத மாதிரி இருந்துட்டுப் போயேன். உனக்கெதுக்கு வம்பு?"

"நல்லாச் சொன்னே போ! மழை வந்தா உன் பிள்ளை என்னத்தைத் திங்கும், எம் பிள்ளை என்னத்தைத் திங்கும்?"

"சொல்லணும்னா சொல்லிக்கோ. என் பேரை மட்டும் இழுக்காதே."

காத்தாயி கூட்டத்தில் போய்ச் சொன்னாள். நெட்டையப்பன் கழுத்தை வளைத்து அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா காத்தாயி, மீன் குறையுதுன்னு யார் பார்த்தது?"

"நான்தாங்கய்யா. என் கண்ணால பார்த்தேன்."

"மடுவுக்கு அடியில போறது யாரு?"

"நான்தாங்க."

"வேற யாராச்சும் போறாங்களா?"

"வேற யாரால போக முடியும்?"

"அப்ப நீயே சொல்லும்மா, என்ன நினைக்கிறதுன்னு."

பாவி மகளுக்கு அப்போதும் புரியவில்லை. மீன்கொத்தி சிட்டான் களுக்கென்று சிரித்த பிறகுதான் புரிந்தது. "நாங்கல்லாம் பூச்சி பொட்டைத் தின்னு காலம் தள்ளுறோம், அக்காவுக்கு மீன் இல்லாம இறங்காது" என்றான் அவன்.

"நான் தினமும் ஆத்துக்குப் போறேன், அது உங்களுக்குத் தெரியாதா?"

"போறேன்னு சொல்றே" என்றது நாரை. "நாங்க கூடவா வந்தோம்?"

கொள்ளை போகிறது என்று கத்தியவளையே திருடி என்கிறார்களே! காத்தாயி சீதேவியைப் பார்த்தாள். சீதேவி தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெட்டையப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "யாரையும் திருடின்னு நான் சொல்லலை. சந்தேகம்னு வந்துட்டா அதைத் தீர்க்கணும், அவ்வளவுதான். சிறகுல எண்ணெய் இருக்கிற வரைக்கும் நீ எப்ப முங்குறே, எப்ப எழுந்திருக்கிறேன்னு யாருக்கும் தெரியாது. எண்ணெயை எடுத்துடு. விடிகாலையில வேலைக்கு முங்கு, நனைஞ்சு வா, சிறகை விரிச்சுக் காட்டு. மத்த நேரத்துல காய்ஞ்ச சிறகோட இருந்தியானா நீ நல்லவ. நனைஞ்சிருந்தா திருட்டு முங்கு. மாட்டேன்னு சொன்னா பங்கை வெட்டுறதைத் தவிர வேற வழியில்லை, உன் பிள்ளைங்க பங்கையும் சேர்த்து."

எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க உவர்மண்ணைப் போல வேறு எதுவும் கிடையாது. அதை முதுகில் சுமந்து வந்து கொட்டிய ஆமைக்கே மனசு கேட்கவில்லை. "முடியாதுன்னு சொல்லிடு தாயி. இது போனா திரும்ப ஊறாது" என்றது.

"நான் திருடலை அண்ணே. நாலு நாள் பார்த்துட்டு அவங்களே வாயை மூடிக்குவாங்க. எம் பிள்ளைங்க பேரு கெடக் கூடாது."

தப்புச் செய்தவன் ஆயிரம் யோசிப்பான். தப்புச் செய்யாதவர்கள்தான் இப்படி எதற்கும் தலையாட்டி மாட்டிக்கொள்கிறார்கள். மூன்று நாள், இறகு இறகாக உவர்மண் போட்டுத் தேய்த்தாள். எண்ணெய் திட்டுத் திட்டாக மிதந்து போனது. சோதித்துப் பார்க்க நெட்டையப்பன் அலகால் தண்ணீர் தெளித்தார், சிறகு அப்படியே குடித்துக்கொண்டது. "நல்லது" என்றார்.

அதற்கப்புறம் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. முங்கினால் தோல் வரைக்கும் நனைந்தது. எழுந்தால் சிறகு தரையைத் தொட்டுத் தொங்கியது. கரையேறியதும் கூட்டத்துக்கு முன்னால் விரித்துக் காட்ட வேண்டும். "இந்தப் பக்கம் காட்டு, அந்தப் பக்கம் காட்டு" என்று நெட்டையப்பன் இறகை விலக்கி விலக்கிப் பார்ப்பார். அது உலர உச்சிப்பொழுது ஆகிவிடும். பிறகுதான் ஆற்றுக்குப் பறக்க முடியும். அங்கே மீன் பிடித்ததும் மறுபடி சிறகைக் காயவைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். குஞ்சுகள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக் கிடக்கும்.

மீன் குறைவது நிற்கவில்லை. வைகாசியில் காத்தாயி மறுபடி கூட்டத்தில் சொன்னாள். நெட்டையப்பன் வருத்தமாகத் தலையை ஆட்டினார். "இன்னும் நீ நிறுத்தலையாம்மா?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து அவள் சொல்வதை விட்டுவிட்டாள்.

ஆனி மாதம் ஒரு மத்தியானம். அனல் காற்று. பின்னிக் கிடந்த தாமரைக் கொடி ஒரு பெரிய அடையாகச் சரிந்து மடுவுக்குள் விழுந்து, அடியில் கிடந்த அழுகலையெல்லாம் கிளப்பிவிட்டது. தண்ணீர் கறுத்துக் கொப்பளித்தது. மிச்சமிருந்த தாய்மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்து தவித்தன. காத்தாயி அப்போதுதான் சிறகு காய்ந்து ஆற்றுக்குக் கிளம்பினாள். மேலிருந்து பார்த்ததும் அவளுக்குப் பதறிவிட்டது.

"அய்யா! மீன் சாகுதுங்கய்யா! இறங்கட்டுமா?"

நிழலில் நின்ற நெட்டையப்பன் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "இது உன் நேரமில்லையே. சாயங்காலம் கூட்டத்துல வை, பேசிக்கலாம்."

சாயங்காலம் என்ன மிச்சம் இருக்கும்? காத்தாயி ஒரு நொடி தன் கூட்டைப் பார்த்தாள். பிறகு மடுவைப் பார்த்தாள். முங்கிவிட்டாள். ஒன்பது தடவை முங்கி அந்த அடையை அறுத்து அறுத்து இழுத்து வெளியே போட்டாள். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது, மீன்கள் அடிக்குப் போயின. கடைசித் தடவை அவளால் எழும்ப முடியவில்லை. சிறகை இழுத்துக்கொண்டு தவழ்ந்துதான் கரைக்கு வந்தாள்.

கரையில் ஐந்து குடும்பமும் நின்றது.

"நனைஞ்சிருக்கியே, காத்தாயி" என்றார் நெட்டையப்பன்.

"கொடியை எடுத்தேங்க. நீங்களும் பார்த்தீங்களே. சிட்டா, நீ பார்த்தேயில்ல? சீதேவி, நீயாவது சொல்லுடி!"

சீதேவி சொல்லவில்லை. ஒருத்தரும் சொல்லவில்லை. அங்கே நனைந்திருந்தவள் அவள் ஒருத்திதான். நெட்டையப்பன் தண்ணீரில் நின்றாலும் முழங்காலுக்கு மேல் நனைய மாட்டார், சிறகு பளீரென்று இருக்கும். காத்தாயியின் பங்கையும் குஞ்சுகளின் பங்கையும் அங்கேயே வெட்டினார்கள். குளத்துக்கு வெளியே இருந்த பட்டமரத்துக்கு அவள் கூட்டை மாற்றிக்கொண்டாள்.

அப்புறம் மடுவைச் சுத்தம் செய்ய ஆளில்லை. ஐப்பசியில் மழை வந்தது. அப்படியொரு மழை! குளம் கரை ததும்ப நின்றது. கார்த்திகை போனது, மார்கழி போனது, தை பிறந்தது. ஒரு பொடி மீன்கூடத் துள்ளவில்லை.

ஐந்து குடும்பமும் கூடி உட்கார்ந்தது. யார் மேல் பழி போடுவது? காத்தாயிதான் ஆனி மாதமே போய்விட்டாளே! பட்டமரத்தில் இருந்து காத்தாயி கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று சீதேவி ஓவென்று அழுதாள்.

"நான் ஒரே ஒரு தடவைதான் சினைக் கெண்டையில வாய் வச்சேன். பிள்ளைங்களுக்குப் பசி தாங்கலை. ஒரு தடவை தின்னா குளம் காலியாயிடுமா?"

"நானும் பொடிசாத்தான் எடுத்தேன்" என்றான் சிட்டான்.

"எப்படியும் சாகப்போற மீனைத்தான் நான் தொட்டேன்" என்றது நாரை. ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது, அதுவும் ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

எல்லாரும் நெட்டையப்பனைப் பார்த்தார்கள். "மூச்சு விட மேல வந்ததை மட்டும்" என்றார் அவர். "அடியில கெடந்த ஒன்னைக்கூட நான் தொட்டதில்லை." பிறகு கழுத்தை நிமிர்த்திச் சொன்னார்: "சரி விடுங்க. ஒருத்தர் எடுத்தா திருட்டு. எல்லாரும் எடுத்திருக்கோம், இதுக்குப் பேரு திருட்டில்லை, கஷ்டகாலம்."

எல்லாருக்கும் மனசு லேசாகிவிட்டது. சீதேவிகூட அழுகையை நிறுத்திக்கொண்டாள்.

காத்தாயி பறந்து வந்து நடுவில் இறங்கினாள். "அப்ப எம் பங்கு? எம் பிள்ளைங்க பங்கு?"

"சொன்ன தீர்ப்பை மாத்தினா அப்புறம் கூட்டத்துக்கு என்ன மரியாதை?" என்றார் நெட்டையப்பன். "ஒன்னு செய்யும்மா. ஆத்துல இருந்து நாலு தாய்மீனை உசிரோட கொண்டாந்து மடுவுல விடு. உன்னை விட்டா அதுக்கு ஆள் யாரு? அப்புறம் பார்த்துச் செய்வோம்."

"எண்ணெய்?"

ஓட்டுக்குள்ளிருந்து ஆமைதான் பதில் சொன்னது. "அது வராது தாயி."

காத்தாயி அழவில்லை. அவளுக்கு அழுகையெல்லாம் ஆனி மாதமே தீர்ந்துபோயிருந்தது. எல்லாரும் பார்க்க ஒரு முங்கு முங்கினாள். வெறும் வாயோடு எழுந்து, சொட்டச் சொட்ட நடுத் தண்ணீரில் நின்ற ஒரு மரக்கட்டையில் ஏறினாள். இரண்டு சிறகையும் அகல விரித்தாள்.

"பாருங்க. நல்லாப் பாருங்க. இந்தப் பக்கம் பாருங்க, அந்தப் பக்கமும் பாருங்க. என்ன ஒளிச்சு வச்சிருக்கேன்னு வந்து பார்த்துச் சொல்லுங்க!"

நாரை வேறு பக்கம் திரும்பியது. சிட்டான் பறந்துபோனான். சீதேவி கோரைக்குள் புகுந்துகொண்டாள். நெட்டையப்பன் கண்ணை மூடி நின்றார். பார்த்தால் ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டி வருமே! காத்தாயி பொழுது சாயும் வரைக்கும் நின்றாள். மறுநாள் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்குப் பிடித்த வழக்கம்தான். இன்றைக்கும் எந்தக் குளத்தில் பார்த்தாலும் நீர்க்காகம் முங்கி எழுந்ததும் ஒரு மரக்கட்டையில் ஏறி, இரண்டு சிறகையும் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. உலர்த்துகிறது என்கிறோம். உண்மைதான், எண்ணெய் போன சிறகு வேறென்ன செய்யும்? ஆனால் காய்ந்த பிறகும் அது உடனே சிறகை மடக்குவதில்லை. யாராவது ஒருத்தர் கிட்டே வந்து பார்த்துவிட்டு, "இவளிடம் ஒன்றும் இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகமாட்டார்களா என்று இன்னும் கொஞ்ச நேரம் நிற்கிறது.