மலையின் பின்பக்கத்து வழி

சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் ஊரார் சிலுவை மலை ஏறுவார்கள். தவக்காலத்துக்கு உடம்பையும் மனசையும் பழக்குகிற ஏற்றம் அது. முன்பக்கம் படிக்கட்டு. பின்பக்கம் பாறையும் முள்ளும். வியாகப்பர் என்றைக்கும் பின்பக்கம்தான். காலில் செருப்பு கிடையாது. இறங்கி வரும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. ஊரே அவரைப் பார்த்துக் கையெடுக்கும்.

இந்த வருஷம் கோயில் பாதிரியாரான பங்குச்சாமியிடம் போய் நின்றார். சாமிக்கு இவருடைய மகன் வயதுகூட இராது.

"இதைவிடக் கஷ்டமான வழி இருந்தாச் சொல்லுங்க சாமி."

"எதுக்கு பெரியவரே?"

"வருஷம் தவறாம ஏறுறேன். காலெல்லாம் ரத்தம். ஆனாலும் பூசையில பரலோக மந்திரம் சொல்லும்போது, 'பிறத்தியாரை நாங்க மன்னிக்கிறோம்'கிற வரி வந்தா வாய் பூட்டிக்குது. அந்த வரியைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துடுவேனோன்னு பயமா இருக்கு."

சாமி கொஞ்ச நேரம் அவருடைய கால்களையே பார்த்தார்.

"நாளைக்குக் காலையில வாங்க. சாப்பிட்டுட்டு வாங்க. செருப்பும் போட்டுக்கங்க."

வியாகப்பருக்குக் காது சரியாகக் கேட்டதா என்றே சந்தேகம். மறுநாள் விடிந்ததும் வேண்டாவெறுப்பாக இட்லி தின்றார், செருப்பை மாட்டிக்கொண்டார்.

சாமி குடையும் கையுமாக வந்தார். மலையின் முன்பக்கம் பார்த்து நடந்தார்.

"சாமி, வழி மாறிட்டீங்க. இது புதுப்பொண்ணுங்க பட்டுச்சேலையோட ஏறுற வழி."

"தெரியும்."

"பிள்ளைங்க ஐஸ் தின்னுக்கிட்டே ஏறும்."

"நமக்கும் வாங்கிக்குவோமா?"

கேலி செய்கிறாரா, சோதிக்கிறாரா? வியாகப்பருக்குப் பிடிபடவில்லை. போதாக்குறைக்கு சாமி டீக்கடையில் நின்று சாவகாசமாக டீ குடித்தார். இவருக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார். இதற்கா வந்தோம் என்று நினைத்தபடி வியாகப்பர் பின்னாலேயே நடந்தார்.

படிக்கட்டுக்குப் போகிற தெரு திரும்பியது. நீலக் கதவு போட்ட வீட்டுக்கு முன்னால் ஒருவர் குனிந்து சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரை.

வியாகப்பரின் கால்கள் அப்படியே நின்றுவிட்டன.

"நின்னுட்டீங்களே?" என்றார் சாமி.

"அது என் தம்பி சவரிநாதன் வீடு. இந்தத் தெருவை நான் மிதிக்கிறதில்லை."

சாமி கேட்காமலே வியாகப்பர் சொன்னார்.

"அப்பா செத்தப்போ நான் எஸ்டேட்டுல வேலையா இருந்தேன். விழுந்தடிச்சு வந்து பார்த்தா, குழியை மூடிட்டு நிக்கிறான். ஒரு ராத்திரி பொறுக்கலை சாமி. வெயிலுக்கு உடம்பு தாங்காதாம். ஊர்ல ஐஸ் பெட்டிக்கா பஞ்சம்? அப்பா முகத்தை நான் பார்க்கலை."

பேச்சுச் சத்தம் கேட்டுச் சவரிநாதன் நிமிர்ந்தார். அண்ணனைப் பார்த்தார். செயின் மசி படிந்த கையைக் கைலியில் துடைத்தபடி எழுந்து நின்றார். கூப்பிடவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.

வியாகப்பர் சாமியின் அங்கியைப் பிடித்துக்கொண்டார்.

"திரும்பிடுவோம் சாமி. முள்ளு வழியாவே ஏறிடுறேன். எனக்கு அதுதான் லேசு."

"அப்போ நீங்க கேட்ட வழி இதுதான் பெரியவரே," என்றார் சாமி. "நடங்க."