சொட்டுகிற இடம்

"இது என்ன நியாயம் சாமி? பயப்பட வேண்டிய பிள்ளைக்கு ஊசி இல்லையாம். கல்லுக்குண்டு மாதிரி ஓடுத பிள்ளைக்குத்தான் போடணுமாம்."

மடத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் சொரிமுத்து கேட்டது இதுதான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

செங்கோட்டைப் பக்கம் ஓட்டுக்கூரைகளுக்கு ஓடு மாற்றுகிறவர் அவர். சாமியைவிடப் பத்து வயது மூத்தவர். அதனால் என்ன, ஆறு வருஷமாக அவர்தான் சீடர். கோபம் மட்டும் இன்னும் குறைந்தபாடில்லை.

வீட்டில் ஒன்றரை மாத ஆண்குழந்தை. நாள் ஆகும் முன்பே பிறந்து, கண்ணாடிப் பெட்டியில் கிடந்து, மூச்சுக்குத் தவித்துப் பிழைத்து வந்தவன். ஊரில் சளிக்காய்ச்சல் சுற்றிக்கொண்டிருந்தது. மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை; அங்கே சளிக்காய்ச்சல் தடுப்பூசி முகாம். பையனைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய் நின்றிருக்கிறார். ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்கு இந்த ஊசி போடக் கூடாது என்றிருக்கிறார் நர்ஸம்மா. ஏழு வயது மூத்தவள் வதனியைக் கூட்டி வாருங்கள், தெருப்பிள்ளைகள் எல்லாரும் வரட்டும் என்றாராம்.

இவர் முறைத்துக்கொண்டு, பையனை வீட்டில் விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டார். வதனிக்குக் காய்ச்சல் வந்தால் மூன்று நாள் படுப்பாள், நாலாம் நாள் கொய்யா மரத்தில் இருப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டுத் தம்பி முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சுகிற பிள்ளை. அவளை எதற்குக் குத்தி அழவைக்க?

சாமி எல்லாவற்றையும் கேட்டார்.

வெளியே நல்ல மழை. சாமியின் பாய்மேல் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது.

அவர் எழுந்துபோய் ஏணியை எடுத்து வந்தார். சொட்டுகிற இடத்துக்கு நேராகச் சாத்தினார். ஒரு புது ஓட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார்.

சொரிமுத்துவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அங்க என்ன பண்ணுதீங்க?"

"இங்கதானே சொட்டுது."

"சொட்டுத இடத்துல ஓட்டை இருக்காது சாமி. இறங்குங்க."

ஏணியைப் பிடுங்காத குறையாக வாங்கி, கூடத்தின் மறுகோடியில் சாத்தி, விறுவிறுவென்று ஏறினார். கூரையைக் கையால் தடவிப் பார்த்தார்.

"ஒரு ஓடு இல்ல, வரிசையே நகந்து கெடக்கு. தண்ணி இங்க நுழைஞ்சு, ஓட்டைத் தாங்குத கைமரத்தோட ஓடிப்போய் அங்க விழுது. இதைச் சரி பண்ணாம அங்க எத்தனை புது ஓடு போட்டாலும்…"

மறுகோடியில் சொட்டிக்கொண்டிருந்த பாயைத் திரும்பிப் பார்த்தார்.

சாமி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"போட்டாலும்?"

சொரிமுத்து இறங்கினார். முகம் வெளிறியிருந்தது.

"நர்ஸம்மா எத்தனை மணிவரைக்கும் இருப்பாங்க சாமி?"

"நாலு."

"ஓட்டு வரிசையை வந்து சரி பண்ணுதேன்."

சாமி பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

சொரிமுத்து வீட்டுக்குப் போய், வதனியைக் கையில் பிடித்துக்கொண்டு மழையிலேயே தெருவில் இறங்கினார். முதல் வீட்டுக் கதவைத் தட்டி, பிள்ளைகளை ஊசிக்கு அனுப்பச் சொன்னார். இரண்டாம் வீட்டிலும் சொன்னார். மூன்றாம் வீட்டு மாடசாமிக்கு மட்டும் எரிச்சல்.

"எம் பிள்ளைக்கு ஊசி போட்டா உமக்கு என்னவே?"

சொரிமுத்து கைக்குழந்தை கிடக்கிற தன் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

"எங்க வீட்டுல சொட்டுது" என்றார்.